எதிர்ப்பு சக்தி இருந்தும் புற்றுநோய் எப்படித் தப்பிக்கிறது?

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தந்திருக்கிறேன்.)



லிஃப்டில் பார்க்கும்போது சிலர் என்னை "டாக்டரம்மா" என்று கூப்பிடுகிறீர்கள். நான் டாக்டர் இல்லை. நோய்க்குறியியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் டெக்னீசியனாக இருந்தவள். ஆபரேஷனில் எடுத்த சதைத் துண்டு எங்களிடம் வரும். அதை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் போட்டு டாக்டரின் மேஜையில் வைப்பது என் வேலை. பார்த்துவிட்டு இது புற்றுநோய், இது இல்லை என்று சொல்வது அவர் வேலை. எவ்வளவு மெல்லிசு என்றால், ஒரு பட்டு இழையின் தடிமனில் பாதிகூட இருக்காது. ஆரணியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு இந்த வேலை கைவந்ததில் ஆச்சரியம் இல்லை என்று எங்கள் டாக்டர் சொல்வார். நாங்கள் போடும் நீலச் சாயம்கூட ஒரு மரத்திலிருந்து எடுப்பதுதான். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பட்டுக்கும் கம்பளிக்கும் கறுப்பு ஏற்றியது அந்த மரத்துச் சாயம்தான்.

இந்தத் தலைப்பில் ஏன் பேச வந்தேன் என்றால், போன மாதம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. "உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைவதால்தான் புற்றுநோய் வருகிறது. இந்தப் பொடியைச் சாப்பிட்டால் எதிர்ப்பு சக்தி ஏறும், கட்டி கரையும்" என்று. கூடவே ஒரு போன் நம்பர். பதினேழு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தீர்கள். நானும் அன்றைக்குப் பேசாமல்தான் இருந்தேன். வம்பு எதற்கு என்று. பத்து நாள் கழித்து நம் குடியிருப்பில் ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். மார்பில் ஒரு கட்டி. ஆறு வாரமாக இருக்கிறது. வலி இல்லை. அந்தப் பொடியை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் செயலாளரிடம் போய் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன்.

என் ஆய்வக அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில், சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். புற்றுநோய்க் கட்டியின் ஓரத்தில் சின்னச் சின்னதாக, கருநீலத்தில், மிளகு சிதறினாற்போலப் புள்ளிகள் கூட்டமாக இருக்கும். இது என்ன டாக்டர் என்று கேட்டேன். "லிம்ஃபோசைட். ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை. உடம்போட போலீஸ்" என்றார். எனக்குக் குழப்பமாகிவிட்டது. போலீஸ் இத்தனை பேர் வந்து நிற்கிறார்களே, அப்புறம் எப்படி இந்தக் கட்டி வளர்ந்தது? சில ஸ்லைடுகளில் அவை கட்டிக்கு வெளியே வேலி போட்டதுபோல வரிசையாக நிற்கும், ஒன்றுகூட உள்ளே போயிருக்காது. சிலவற்றில் உள்ளேயே போயிருக்கும், ஆனால் ஒன்றும் செய்யாமல் நிற்கும். சிலவற்றில் ஒரு புள்ளிகூட இருக்காது. அந்த டாக்டர் நேர்மையானவர். "ஏன் சும்மா நிக்குதுன்னு இன்னும் சரியாத் தெரியலம்மா" என்றார். அது தொண்ணூறுகளின் தொடக்கம். இன்றைக்கு அதில் பெரும்பகுதி தெரிந்துவிட்டது.

முதலில், காவல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பட்டுச் சேலை சுத்தமானதா என்று சந்தேகம் வந்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? முழுச் சேலையையும் எரித்துப் பார்ப்போமா? ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவோம். முடி கருகின வாசனை வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் பட்டு. உருகி மணிபோல இறுகினால் பாலியஸ்டர். உடம்பிலும் இந்த மாதிரி நூல் பார்க்கிற ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகிற புரதங்களிலிருந்து சின்னத் துண்டு வெட்டி, ஒரு தட்டில் வைத்து வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். ராத்திரி பகல் ஓயாமல் நடக்கும். டி செல் என்கிற லிம்ஃபோசைட் வகை அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகும். நம் வீட்டு நூல் என்றால் நகர்ந்துவிடும். வைரஸின் துண்டோ, மரபணு கெட்டுப்போய் மாறின புரதத்தின் துண்டோ தட்டில் இருந்தால், அந்தச் செல்லைக் கொன்றுவிடும்.

எது நம் வீட்டு நூல், எது வெளிநூல் என்று டி செல்லுக்கு யார் சொல்லித் தருவது? மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் பள்ளிக்கூடம். சொந்த உடம்பைத் தாக்கும் குணம் உள்ள டி செல்களை அங்கேயே அழித்துவிடும். படிக்கப் போவதில் பெரும்பாலானவை உயிரோடு வெளியே வராது. அவ்வளவு கண்டிப்பு. புற்றுநோயின் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். காசநோய்க் கிருமி வெளியே இருந்து வந்தது. புற்றுநோய் வெளியே இருந்து வருவதில்லை. நம் சொந்தச் செல்தான் கெட்டுப்போகிறது. அதன் நூலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நம் நூல். சொந்த நூலைத் தொடாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட காவலர், அந்த மீதி ஒரு இழையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், கண்டுபிடிக்கிறார்கள். பெரும்பாலும் நமக்குத் தெரியாமலேயே நடந்து முடிந்துவிடுகிறது. இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் சிறுநீரக மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பார்க்க வேண்டும். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை அவர்கள் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். தோல் புற்றுநோய், லிம்ஃபோமா, வைரஸால் வரும் சில புற்றுநோய்கள் மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம் வருகின்றன.

இன்னொரு சம்பவம், 2003இல் மருத்துவ இதழில் வெளியானது, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் நடந்தது. ஒருவர் இறந்தபின் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் இரண்டு பேருக்குப் பொருத்தப்பட்டன. இரண்டு பேருக்கும் மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் வந்தது. விசாரித்தால், கொடுத்தவருக்குப் பதினாறு வருடத்துக்கு முன்னால் மெலனோமா வந்து, சிகிச்சை செய்து, குணமாகிவிட்டது என்று விட்டுவிட்டிருந்தார்கள். பதினாறு வருடம் அந்தப் புற்றுச் செல்கள் அவர் உடம்பில் தூங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. அவருடைய காவலர்கள் தலையில் கை வைத்து அமுக்கி வைத்திருந்திருக்கிறார்கள். காவல் அடக்கப்பட்ட இன்னொரு உடம்புக்குப் போனதும் எழுந்துவிட்டன. எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. என்னால் முப்பது வருடத்தில் ஒரு ஸ்லைடிலும் பார்க்க முடியாத விஷயம் அது.

ஆக, அந்த வாட்ஸ்அப் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். எதிர்ப்பு சக்தியை மருந்து கொடுத்து அடக்கினால் சில புற்றுநோய்கள் அதிகமாகின்றன. சரி. ஆனால் நம்மில் புற்றுநோய் வருகிறவர்களில் பெரும்பாலோர் எதிர்ப்பு சக்தி அடங்கிப்போனவர்கள் இல்லை. என் அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். குழித்தறியில் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டார். அவர் காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்ததில்லை. அவருக்கு வந்தது. எப்படி?

தப்பிக்கிறது என்று நாம் சொன்னாலும், புற்றுச் செல்லுக்கு மூளை கிடையாது, திட்டம் கிடையாது. நடப்பது களையெடுப்புதான். நெல் வயலில் களையெடுக்கும்போது நெல்லைப்போலவே இருக்கும் புல் கண்ணில் படாமல் தப்பிவிடும் இல்லையா? அடுத்த போகத்தில் அந்தப் புல்லின் விதைதான் முளைக்கும். நாலு போகம் போனால் வயல் முழுக்க நெல் மாதிரியே இருக்கிற புல். டி செல்கள் கண்டுபிடிக்க முடிந்த புற்றுச் செல்களையெல்லாம் கொல்கின்றன. கண்டுபிடிக்க முடியாதவை மிஞ்சுகின்றன, பெருகுகின்றன. ஒரு கட்டி கையில் தட்டுப்படும் அளவு வளர்ந்திருக்கிறது என்றால், பல வருடம் காவலைத் தாண்டித் தாண்டித் தேறி வந்தவற்றின் வாரிசுகள் அவை. நல்ல காவல் இருந்ததால்தான் அவ்வளவு கெட்டிக்காரத்தனமான கட்டி மிஞ்சியது என்றுகூடச் சொல்லலாம்.

எப்படியெல்லாம் தாண்டுகின்றன? சில புற்றுச் செல்கள் அந்தத் தட்டையே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நூலே காட்டாவிட்டால் டி செல் எதைப் பார்க்கும்? இதற்கும் உடம்பில் ஒரு மாற்று ஏற்பாடு உண்டு. தட்டு நீட்டாத செல்லைச் சந்தேகத்தின்பேரில் கொல்லும் இன்னொரு வகை அணுக்கள் இருக்கின்றன. அதனால் சில புற்றுச் செல்கள் தட்டை முழுக்க மறைக்காமல் பாதி மறைக்கும். சில கட்டிகள் தம்மைச் சுற்றி நார்ச்சதையை வளர்த்துச் சுவர் எழுப்பிக்கொள்ளும். நான் பார்த்த வேலிக்கு வெளியே நின்ற கூட்டம் அதுதான். சில, சுற்றியுள்ள சர்க்கரையையெல்லாம் தின்றுவிட்டு அமிலத்தைக் கக்கும். உள்ளே வந்த டி செல் பட்டினியில் சோர்ந்துபோகும். சில, அடக்கும் டி செல்கள் என்ற வகையைத் தம் பக்கம் வரவழைத்துக்கொள்ளும். சண்டை அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. எல்லா உடம்பிலும் அவை தேவை. அவற்றைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது. நல்லதற்கென்று உடம்பு வைத்த சமாதானக் கமிட்டியைப் புற்றுநோய் தன் வாசலில் உட்கார வைத்துக்கொள்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமான தந்திரம் ஒன்று. இதை நம் கேட்டை வைத்துச் சொன்னால் புரியும். நம் வளாகத்து வண்டிகளுக்குக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். ஸ்டிக்கர் இருந்தால் செக்யூரிட்டி அண்ணன் நிறுத்த மாட்டார். நிறுத்தினால் நாம்தான் சண்டைக்குப் போவோம். அதேபோல, டி செல்லின் மேல் பி.டி.-1 என்று ஒரு புரதம் இருக்கிறது. அது ஒரு பிரேக். எதிரே இருக்கும் செல் தன் மேல் பி.டி.-எல்.1 என்ற புரதத்தை வைத்திருந்தால், இரண்டும் கைகுலுக்கும், டி செல் அடங்கிவிடும். சண்டை நடக்கிற இடத்தில் பக்கத்து வீட்டு நல்ல செல்கள் அடிபடாமல் இருக்க இயற்கை வைத்த ஸ்டிக்கர் இது. புற்றுச் செல் அந்த ஸ்டிக்கரைத் தன் மேல் அப்பிக்கொள்கிறது. போலி ஸ்டிக்கர்கூட இல்லை, அசல் ஸ்டிக்கர். நம் செல்தானே, தயாரிக்கத் தெரியும். டி செல் வருகிறது, நூலைப் பார்க்கிறது, தப்பான நூல் என்று கண்டுபிடித்தும்விடுகிறது. ஆனால் ஸ்டிக்கர் கைகுலுக்கியதும் சும்மா நின்றுவிடுகிறது. உள்ளே போயும் சும்மா நின்ற புள்ளிகளுக்கு விளக்கம் இது.

பி.டி.-1ஐ ஜப்பானில் கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் குழு 1992இல் கண்டுபிடித்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசன் சி.டி.எல்.ஏ.-4 என்ற இன்னொரு பிரேக்கை ஆராய்ந்தார். சிறு வயதிலேயே தாயைப் புற்றுநோயில் இழந்தவர் அவர். எல்லோரும் எதிர்ப்பு சக்தியை எப்படிக் கூட்டுவது என்று ஆக்சிலரேட்டரைத் தேடிக்கொண்டிருந்தபோது, இவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதுமே என்றார். மருந்துக் கம்பெனிகள் நம்பவில்லை. அவர் வழியில் வந்த முதல் மருந்துக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2018இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன், ஏனென்றால் பொடி விஷயம் இங்கேதான் வருகிறது. ஹோஞ்சோவின் ஆய்வகத்தில் பி.டி.-1 இல்லாத எலிகளை வளர்த்தார்கள். எதிர்ப்பு சக்திக்குப் பிரேக் இல்லாத எலிகள். அவை ஆரோக்கியமாக இருந்தனவா? எலியின் வகையைப் பொறுத்துச் சிலவற்றுக்கு மூட்டு வீங்கியது, சிலவற்றுக்கு இதயம் கெட்டது. சொந்த உடம்பையே தாக்கின. இன்றைக்குப் பிரேக்கை எடுக்கும் மருந்து வாங்கும் நோயாளிகளிலும் சிலருக்குத் தைராய்டு கெடுகிறது, குடல் புண்ணாகிறது, நுரையீரல் அழற்சி வருகிறது, சிலருக்கு ஒரே மாதத்தில் இன்சுலின் போடும் நிலை வந்துவிடுகிறது. நம் குடியிருப்பிலேயே மூட்டுவாதம் உள்ளவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைவாலா அந்த வலி? தப்பான இடத்தில் அதிகமானதால். ஆகவே "எதிர்ப்பு சக்தியை ஏற்றும், பக்கவிளைவே கிடையாது" என்று ஒரு டப்பாவில் எழுதியிருந்தால், அந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. கட்டியின் ஸ்டிக்கரைப் பொடி கிழிக்காது.

என் அப்பா கதையைச் சொல்லிவிடுகிறேன். பட்டுக்குப் பக்கத்தில் பீடி பற்ற வைக்க முடியாது. ஒரு பொறி விழுந்தால் பாவு போச்சு. கையும் காலும் ஓயாது. அதனால் தறிக்காரர்கள் பலர் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். அப்பாவும் அப்படித்தான். நான் பிளஸ் டூ படிக்கும்போது அவர் கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது. சுண்டைக்காய் அளவு. தெரிந்தவர் ஒருவர் பொடி கொடுத்தார். எதிர்ப்பு சக்தி ஏறினால் புண் தானாக ஆறிவிடும் என்றார். நாலு மாதம் தேனில் குழைத்துச் சாப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது தாடை எலும்பு வரை போயிருந்தது. பொடி கொடுத்தவரும் கெட்டவர் இல்லை, எங்கள் வீட்டுச் சாவுக்கு வந்து அழுதவர். நான் ஆய்வகத்துக்குப் படிக்கப் போனது அதற்குப் பிறகுதான்.

அதனால்தான் 2022இல் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் ஒரு ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டபோது தேடிப் படித்தேன். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருந்த 151 பேர். நம் நாட்டில் இந்த வகையில் வாய்ப்புற்றுதான் அதிகம். பி.டி.-1 பிரேக்கை எடுக்கும் நிவோலுமாப் என்ற மருந்து அப்போதே இருந்தது. ஆனால் விலை லட்சக்கணக்கில். நம் ஊரில் எத்தனை பேரால் முடியும்? டாக்டர் விஜய் பாட்டீல், டாக்டர் குமார் பிரபாஷ் குழுவினர் வேறு கணக்குப் போட்டார்கள். டி செல்லின் மேல் உள்ள பிரேக்கை மூடக் கொஞ்சம் மருந்தே போதும் என்று பழைய தகவல்கள் காட்டியிருந்தன. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். இவர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். கூடவே விலை குறைந்த பழைய மாத்திரைகள் மூன்று. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 16. சின்ன அளவு நிவோலுமாப் சேர்த்தவர்களில் நூற்றுக்கு 43.

நம்பிக்கை கொடுக்கிறேன் என்று உங்களை ஏமாற்றக் கூடாது. சராசரி ஆயுள் 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமானது, அவ்வளவுதான். முற்றிய நோய்க்கு இது பெரிய விஷயம், ஆனால் குணமில்லை. இந்த வகை மருந்துகள் வேலை செய்யாத நோயாளிகளே இன்றைக்கும் அதிகம். டி செல்லே எட்டிப் பார்க்காத கட்டியில் பிரேக்கை எடுத்து என்ன பயன்? வண்டியே இல்லையே. ஆனாலும் பணக்கார நாட்டு மருந்தை நம் பைக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துப் பார்த்தார்களே, அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது எல்லோரும் இடது தோளைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி. காசநோய்த் தடுப்பு. சென்னை கிண்டியில் 1948இல் தொடங்கிய ஆய்வகத்தில் இந்த மருந்தைத் தயாரித்தார்கள். அந்த பி.சி.ஜி. புற்றுநோய்க்கும் மருந்து. கனடாவில் ஆல்வாரோ மொராலெஸ் என்ற டாக்டர் 1976இல் வெளியிட்ட முறை. சிறுநீர்ப்பையில் ஆரம்ப நிலையில் இருக்கும் புற்றுநோய்க்கு, கட்டியைச் சுரண்டி எடுத்தபின், பி.சி.ஜி.யைக் குழாய் வழியாக நேரே சிறுநீர்ப்பைக்குள் விடுகிறார்கள், வாரம் ஒருமுறை, ஆறு வாரம். உயிருள்ள கிருமி வந்ததும் அந்த இடத்தில் சண்டை மூள்கிறது. வந்த படை பக்கத்திலிருக்கும் புற்றுச் செல்லையும் அடிக்கிறது. தோளில் போட்ட தழும்பு உங்களைப் புற்றுநோயிலிருந்து காக்கும் என்று நான் சொல்லவில்லை, நாளைக்கு அப்படி ஒரு ஃபார்வர்டு வந்தால் என் பெயரைப் போடாதீர்கள். எந்த இடத்தில், எந்தப் புற்றுக்கு, எவ்வளவு என்பதுதான் விஷயம்.

நமக்குப் பக்கத்திலும் ஒரு வேலை நடந்திருக்கிறது. ரத்தப் புற்றுநோய் வகைகள் சிலவற்றுக்கு கார்-டி என்று ஒரு சிகிச்சை. நோயாளியின் டி செல்களையே ரத்தத்திலிருந்து பிரித்து எடுத்து, புதிதாக ஒரு கொக்கி பொருத்தி, பெருக்கி, திரும்ப ஏற்றுகிறார்கள். தட்டில் நூல் நீட்டினாலும் நீட்டாவிட்டாலும் கவலையில்லை. செல்லின் மேலிருக்கும் சி.டி.19 என்ற புரதத்தைக் கொக்கி நேரே பிடித்துக்கொள்ளும். 2012இல் அமெரிக்காவில் குழந்தைகளில் முதன்முதலாக எமிலி ஒயிட்ஹெட் என்ற சிறுமிக்கு இது கொடுக்கப்பட்டது, பிழைத்தாள். வெளிநாட்டில் கோடிக்கணக்கில் செலவாகும். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. இங்கேயிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் வேலூர் சி.எம்.சி.யில், ஐ.சி.எம்.ஆர். துணையோடு, இந்த அணுக்களை மருத்துவமனைக்குள்ளேயே தயாரித்துக் கொடுக்கும் பரிசோதனையின் முடிவுகள் 2025இல் வெளியாயின. செலவைக் குறைப்பதுதான் நோக்கம். இன்னும் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டுகிற விலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதையும் தாண்டிவிடுகிற புற்றுச் செல்கள் இருக்கின்றன. சி.டி.19 புரதத்தையே உதிர்த்துவிடுகின்றன, கொக்கிக்குப் பிடி கிடைப்பதில்லை. மறுபடியும் களைப்புல் கதைதான்.

பெண்களுக்காக ஒன்று. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸும் இப்படி ஒளிந்துகொள்வதுதான். மேல்தோலிலேயே தங்கும், ரத்தத்துக்குள் வராது, தான் இருக்கும் செல்லைச் சிதைக்காது. அலாரம் அடிப்பதற்குக் காரணமே கொடுக்காது. பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும், சிலரிடம் மட்டும் பல வருடம் தங்கிவிடும். தடுப்பூசி போட்டால் வைரஸ் வரும் முன்பே காவல் தயாராக இருக்கும். பதினான்கு வயதுப் பெண்களுக்குப் படிப்படியாக இதைப் போடப்போவதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. பேத்தி இருப்பவர்கள் பள்ளியில் விசாரியுங்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள் வெட்கப்படாமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பேச்சு முடிந்தபின் வந்த கேள்விகளில் சிலவற்றையும் எழுதச் சொன்னார் செயலாளர்.

மூன்றாவது மாடி அண்ணன், "அப்போ சத்தான சாப்பாடு, தூக்கம், நடை எல்லாம் வீணா?" என்றார். வீணில்லை. சிகிச்சையைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும், பல நோய்களுக்கு நல்லது. ஆனால் வந்த கட்டியை அது கரைக்காது. மஞ்சள் பற்றிக் கேட்டார்கள். குழம்பில் போடுங்கள்.

"ஆஸ்பத்திரியில் இம்யூனோதெரபி எழுதிக் கொடுத்தால் என்ன கேட்கணும்?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. எந்த வகைப் புற்று, எந்த நிலை, இந்த மருந்து வேலை செய்ய வாய்ப்பு இருக்கிறதா என்று காட்டும் பரிசோதனை திசுவில் செய்தாயிற்றா, குறைந்த அளவு கொடுக்கும் வழி என் நோய்க்குப் பொருந்துமா, இன்சூரன்ஸில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். நகை விற்கும் முன் கேளுங்கள்.

வாயில் புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் இறுக்கம், இவை மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் காட்ட வேண்டும். வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள் என்றேன். நம் செக்யூரிட்டி அண்ணன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் போனபிறகு வந்து, "கொஞ்சம் டார்ச் அடிச்சுப் பாருங்கம்மா" என்றார். எனக்குப் பார்க்கத் தெரியாது, ஸ்லைடில்தான் தெரியும் என்றேன். வியாழக்கிழமை அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவுக்குப் போகிறார். அன்று காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை கேட்டில் யாராவது உட்கார வேண்டும். இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பத்தரைக்கு மேல் ஆள் தேவை.

கடைசியாகக் கேட்டது, என் வீட்டுக் கதவைத் தட்டியவர். எல்லோர் முன்னாலும் இல்லை, படிக்கட்டில். "மிச்சப் பொடியை என்னக்கா செய்ய?" என்றார். தூக்கிப் போட வேண்டாம், டப்பாவோடு எடுத்துக்கொண்டு வா, என்ன சாப்பிட்டாய் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்றேன். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் இருவரும் வேலூர் போனோம். ஊசி வைத்துத் திசு எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். இந்த இதழ் உங்கள் போனுக்கு வரும்போது வந்திருக்கும்.